நாலு-அஞ்சு கதவு

11 பிப்ரவரி 1970, புதன்
விசாகப்பட்டினம், கடற்படை ஆஸ்பத்திரி

பேசக் கூடாதாம். டாக்டர் உத்தரவு. புகை போய்த் தொண்டை முழுக்கப் புண்ணாகிவிட்டது, குணமாகும்வரை வாயைத் திறந்தால் ஆயுசுக்கும் ஊமைதான் என்று பயமுறுத்திவிட்டுப் போயிருக்கிறார். ஏதாவது வேண்டுமென்றால் எழுதிக் காட்டு என்று நர்ஸம்மா இந்த டைரியைக் கொடுத்தாள். ஏதோ மருந்துக் கம்பெனியின் இலவச டைரி. பக்கத்துக்குப் பக்கம் இருமல் மருந்து விளம்பரம். எனக்கு வேண்டியது ஒன்றுதான். கஸ்பாரின் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்க வேண்டும். அதை எழுதிக் காட்டினால் நர்ஸம்மா எந்த அலமாரியிலிருந்து எடுத்துத் தருவாள்?

இன்று சாம்பல் புதன். சாமியார் வந்து நெற்றியில் சாம்பல் பூசினார். எனக்கு அது வெளியில் வேறு வேண்டுமா? நெஞ்சுக்கூடு முழுக்க அதுதான் இருக்கிறது. இருமினால் கறுப்பாக வருகிறது.

யார் கையிலாவது இது கிடைத்தால் ஆள் யாரென்று தெரிய வேண்டும். என் பெயர் இன்னாசிமுத்து. ஊர் புன்னைக்காயல். நீர்மூழ்கியில் மின்சாரப் பிரிவில் வேலை. நம் நாட்டுக்கு நீர்மூழ்கி வந்தே இரண்டு மூன்று வருடம்தான் ஆகிறது. ரஷ்யாக்காரன் கட்டியது. அதை ஓட்டக் கற்றுக்கொள்ள எங்களை அவன் ஊருக்கே அனுப்பினார்கள். மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டும் ஊர் அது. புன்னைக்காயலிலிருந்து போனது இரண்டே பேர், நானும் பக்கத்துத் தெரு கஸ்பாரும். ஒரே பெஞ்சில் படித்தோம். குளிர் தாங்காத நாட்களில் இரண்டு கம்பளியையும் ஒன்றாகப் போட்டு ஒரே கட்டிலில் சுருண்டோம். என் தங்கை பிரகாசியை அவனுக்குத்தான் பேசி முடித்திருக்கிறது. பேசி முடித்த புத்திசாலி நான்தான்.

போன வெள்ளிக்கிழமை நான் புகைக்குள் நின்று கதவைத் தட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் கைப்பிடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவன் கஸ்பார். திறக்கவே இல்லை.

13 பிப்ரவரி

கஞ்சி. காலையில் கஞ்சி, மத்தியானம் கஞ்சி. தவக்காலத்தை ஆஸ்பத்திரிக்காரர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

14 பிப்ரவரி, சனி

தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் ரப்பர் எரிகிற நாற்றம். எழுதித் தொலைக்கிறேன்.

எங்கள் படகு (நாங்கள் கப்பல் என்று சொல்வதில்லை) ஒரு நீளமான இரும்புக் குழாய். குறுக்கே சுவர் வைத்து ஏழு அறையாகத் தடுத்திருக்கிறது. அறைக்கும் அறைக்கும் நடுவில் குனிந்து நுழைகிற மாதிரி ஒரு வட்டக் கதவு. கதவுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி. இரண்டும் ஒரே தண்டில் கோத்தவை, இந்தப் பக்கம் தூக்கினால் அந்தப் பக்கமும் தூக்கும். நான்காவது அறை என்னுடையது. தரைக்கு அடியில் பாட்டரிகள், மேலே அடுப்பும் சாப்பாடும் படுக்கையும். ஐந்தாவது அறையில் டீசல் என்ஜின், அது கஸ்பாருடையது. நடுவில் இருக்கும் கதவுக்கு நாங்கள் வைத்த பெயர் நாலு-அஞ்சு கதவு.

ரஷ்யாவில் எங்களுக்குப் பாடம் எடுத்தவர் விக்தர் இவானிச். மேசையில் குத்திக் குத்தி ஒரே விதியைத்தான் சொல்வார். தீயோ தண்ணீரோ எந்த அறையில் வருகிறதோ அந்த அறைக்காரர்கள் அங்கேயே நின்று அதை அடக்க வேண்டும். வெளியே வரக் கூடாது. பக்கத்து அறைக்காரன் கதவை மூடிக் கைப்பிடியை அமுக்கிப் பிடிக்க வேண்டும். திறந்தால் ஏழு அறையும் போய்விடும். "உள்ளே இருப்பவன் தட்டுவான், அழுவான், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான், நீ பிடி" என்பார். மொழிபெயர்த்த பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். கஸ்பார் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டான். பரீட்சையில் முதல் மார்க் வாங்கத்தான் என்று அப்போது நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். எல்லோரும் அவரவர் இடத்தில். நான்காம் அறையில் நானும் பிதாம்பரும்தான். பிதாம்பர் ஒரிசாக்காரன், கட்டாக் பக்கம். பாட்டரி இணைப்பு ஒன்றில் பொறி கிளம்பியது. ரப்பர் பற்றிக்கொண்டது. ஒருவரை ஒருவர் பார்க்க முடியாத அளவுக்குக் கரும்புகை. பிதாம்பர் தீயணைக்கிற நுரைக் குப்பியைத் தூக்கிக்கொண்டு தரைப் பலகையைப் பெயர்த்துக் கீழே இறங்கினான். நான் கதவருகே இருந்தேன். யாராவது ஒருவர் கதவருகே இருக்கத்தானே வேண்டும்.

தட்டினேன். முதலில் கையால், அப்புறம் ஸ்பேனரால். "ஏல கஸ்பார், நான்தாம்ல, இன்னாசி" என்று கத்தினேன். கத்துவதற்காகப் புகை முகமூடியைக் கழற்றியதில்தான் தொண்டை போனது. கைப்பிடியைத் தூக்கினேன். நான் தூக்கத் தூக்க அது கீழே இறங்கியது. அந்தப் பக்கம் யார் என்று எனக்குத் தெரியும். குளிர்காலம் பூராவும் அவனோடு மேசையில் முழங்கை ஊன்றிக் கை மடக்கி விளையாடியிருக்கிறேன். அவன் பலம் எனக்குத் தெரியாதா? அவன்தான். வேண்டுமென்றே, முழுப் பலத்தோடு.

அப்புறம் எனக்கு நினைவில்லை. கதவு திறந்தபோது தீ அணைந்திருந்ததாம். பிதாம்பர் பாட்டரிகளுக்கு நடுவில் குப்பியை மார்போடு அணைத்தபடி கிடந்தானாம். இறந்துவிட்டான்.

நேரத்தோடு திறந்திருந்தால் பிதாம்பர் இருந்திருப்பான். எனக்குக் குரல் இருந்திருக்கும். கஸ்பார் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான்.

17 பிப்ரவரி

வந்தான். கையில் ஆரஞ்சுப்பழம். தொண்டை வெந்தவனுக்குப் புளிப்புப் பழம், என்ன அக்கறை பாருங்கள்.

நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தான்.

"மச்சான், என்னயத் திட்டணும்னா திட்டு. எழுதியாவது திட்டு."

போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டேன்.

"ஊருக்கு எழுதிட்டேன். ஒனக்கு ஒண்ணும் இல்லன்னு. பிரகாசி பயப்படக் கூடாதுல்லா."

என் தங்கையின் பெயரை இவன் வாயில் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆரஞ்சை எடுத்து எறிந்தேன். குறி தவறிவிட்டது. அவன் குனிந்து பொறுக்கி, சட்டையில் துடைத்து, மறுபடி மேசையில் வைத்துவிட்டுப் போனான். இந்தப் பொறுமைதான் எனக்குப் பிடிக்காதது. பதிலுக்கு ஒரு அடி அடித்திருந்தால் மனுஷன் என்று மதித்திருப்பேன்.

21 பிப்ரவரி

விசாரணை. மூன்று அதிகாரிகள் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். என்னை நாற்காலியில் உட்காரவைத்து, கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதித் தரச் சொன்னார்கள். தீ எங்கே பிடித்தது, எப்போது பார்த்தாய், பிதாம்பர் என்ன செய்தான். கேட்டதற்கு மட்டும் எழுதினேன். நீ என்ன செய்தாய் என்று கேட்பார்கள், கேட்டதும் கஸ்பாரைப் பற்றி எல்லாவற்றையும் எழுதலாம் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் அவனைக் கூப்பிட்டார்கள்.

உள்ளேயிருந்து யாராவது கதவைத் திறக்க முயன்றார்களா என்று கேட்டார் மூவரில் பெரியவர்.

இல்லை என்றான் கஸ்பார்.

தட்டுகிற சத்தம்?

கேட்கவில்லை ஐயா, என்ஜின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்றான். முகத்தில் ஒரு சலனம் இல்லை. என்ஜினை அப்போதே நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். என் குரல் எனக்கே எதிரொலித்தது. ஸ்பேனர் பட்டு அந்தக் கதவில் பெயின்ட் பெயர்ந்திருக்கும், போய்ப் பாருங்கள்!

பெரியவர் என் தோளில் தட்டினார். பிதாம்பரும் நானும் கடைசிவரை இடத்தைவிட்டு அசையாமல் தீயை அடக்கினோம் என்று எழுதிக்கொண்டு போனார்கள். தூக்கத்தில் நான் கட்டிலைத் தட்டுவதைப் பார்த்திருக்கிற பக்கத்துக் கட்டில் மலையாளத்துக்காரன் காதோடு சொல்கிறான், எரிகிற அறையிலிருந்து கதவைத் திறந்து வரப் பார்த்தவனுக்கு ஜெயில் உண்டாம், உன் சிநேகிதன் உன்னைக் காப்பாற்றிவிட்டான் என்று. நான் கேட்டேனா? எனக்காகப் பொய் சொல்லு என்று நான் அவன் காலைப் பிடித்தேனா?

22 பிப்ரவரி

வலது கை வீக்கம் வற்றிவிட்டது. நான் தட்டினேன் என்பதற்கு என் உடம்பில் இருந்த ஒரே சாட்சியும் போச்சு.

5 ஏப்ரல், ஞாயிறு
புன்னைக்காயல்

லீவில் வந்திருக்கிறேன். குரல் திரும்பிவிட்டது. தகரத்தில் ஆணியால் கீறுகிற மாதிரி இருக்கிறது, ஆனாலும் குரல்தான். அம்மா மீன்குழம்பில் மிளகாயைக் குறைத்துப்போட்டு என் பொறுமையைச் சோதிக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்துவிட்டது, இனிக் கல்யாணங்கள் நடக்கலாம். இன்று பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். கஸ்பாருக்கும் பிரகாசிக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் ராகத்தோடு வாசித்தார். மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். மூன்றாவது ஓலைக்கு நான் எழுந்து நிற்பேன். கோயில் நிறைந்த கூட்டத்தில், இவன் எப்பேர்ப்பட்டவன் என்று சொல்வேன். என் தங்கை இப்படி ஒருவன் வீட்டுக்குப் போவதை நான் உயிரோடு இருந்து பார்க்க மாட்டேன். அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

18 ஏப்ரல், சனி

சாயங்காலம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பிரகாசி எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அண்ணே, நாளைக்கு ஓலையில தடை சொல்லப் போறியாம்லா."

"ஆமா. சொல்லத்தான் போறேன்."

"என்னன்னு சொல்லுவ?"

"கூடப் பொறந்தவனாட்டம் இருந்தவன சாவட்டும்னு விட்டவன், அவனுக்கு எங்க வீட்டுப் பிள்ளயத் தர மாட்டேம்னு."

"நீ சாவலியே."

"பிதாம்பர் செத்தாம்லா!"

"அவிய கதவத் தொறந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"நான் வெளிய வந்திருப்பேன்."

"நீ வந்திருப்ப. ஒன் பொறத்தால பொகையும் வந்திருக்கும். அந்தால?"

காப்பி ஆறிப்போயிருந்தது. சீனியும் கம்மி. இதெல்லாம் ஒரு காப்பியா என்று எழுந்துவிட்டேன்.

"ஒனக்கு அவிய மேல உள்ள கோவம் இது இல்ல அண்ணே. வேற என்னமோ இருக்கு" என்று முதுகுக்குப் பின்னால் சொன்னாள்.

"ஏட்டி, வாய மூடு" என்று கத்தினேன். அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். அவளையும் இரண்டு வார்த்தை கேட்டுவிட்டேன்.

19 ஏப்ரல், ஞாயிறு

மூன்றாவது ஓலை. எழுந்து நின்றேன். சரியாக அந்த நேரம் பார்த்துத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஒரே இருமல். சாமியார் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்கள் பக்கத்தில் கஸ்பார் தலையைக் குனிந்து நின்றான். பெண்கள் பக்கத்தில் பிரகாசி குனியவில்லை, நேராகப் பார்த்தாள். நான் இருமி முடிப்பதற்குள் பாட்டுக்காரர்கள் அவசரப்பட்டு ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு எப்போதுமே பொறுமை கிடையாது.

தொண்டை மட்டும் சரியாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

27 ஏப்ரல்

கல்யாணம் முடிந்தது.

எங்கள் ஊரில் சங்கு குளிக்கப் போகிறவன் தன் இடுப்புக் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்க மாட்டான். பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் தோணியில் நின்று பிடிக்க வேண்டும். கூடப் பிறந்தவள் தாலி அறுவதைப் பார்த்துக்கொண்டு எவனும் கயிற்றை விட மாட்டான் என்பது கணக்கு. அப்பாவின் கயிற்றைக் கடைசிவரை பிடித்தது அம்மாவின் தம்பி எஸ்தாக்கி மாமாதான். அந்த மாமா பந்தியில் நாலு பேர் முன்னால் என் கையைப் பிடித்துக் கஸ்பார் கையோடு சேர்த்தார்.

"ஏல இன்னாசி, இனிமே மாப்பிள்ள கயிறு ஒன் கையிலதான்."

"எங்க படகுல கயிறு கெடையாது மாமா. கதவுதான்" என்றான் கஸ்பார். எல்லோரும் சிரித்தார்கள்.

"அப்ப கதவ நல்லாப் பிடில" என்றார் மாமா என்னிடம். மறுபடி சிரிப்பு. சிரிக்காதவர்கள் அங்கே இரண்டே பேர்தான், நானும் கஸ்பாரும். நான் கையை உருவிக்கொண்டு பாயசம் பரிமாறப் போய்விட்டேன்.

14 ஜூன்
விசாகப்பட்டினம்

படகுக்குத் திரும்பியாகிவிட்டது. வேறு படகுக்கு மாற்றக் கேட்டேன். இருக்கிற படகே கைவிரலுக்குள் அடங்கும், பயிற்சி பெற்ற ஆளை விட முடியாது என்றுவிட்டார்கள். அதே நான்காம் அறை. கருகிய சுவருக்குப் புது வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பிதாம்பர் படுத்த இடத்தில் வேறு ஒருவன் குறட்டை விடுகிறான். பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவது, அமிலம் சிந்திய இடத்தைத் துடைப்பது, டீசல் வாடை அடிக்கிற ரொட்டியைத் தின்பது. நல்ல தண்ணீரில் குளிப்பது கரைக்குப் போனால்தான். நாங்கள் நடந்துபோனால் ஊர்க்காரர்கள் மூக்கைப் பொத்துகிறார்கள்.

அவனோடு பேசுவதில்லை. வேலை விஷயமாக இருந்தால் இந்தியில் பேசுகிறேன். தமிழ் அவனுக்குக் கிடையாது.

12 ஜூலை

சாப்பிடும்போது தன் பங்கு மாங்காய் ஊறுகாயை என் தட்டில் வைத்துவிட்டுப் போகிறான். தினமும். தினமும் அதை எடுத்து எறிய வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஊறுகாய் என்ன பாவம் செய்தது?

2 ஆகஸ்ட்

நாலு-அஞ்சு கதவு வழியாகத் தலையை மட்டும் நீட்டினான்.

"மச்சான், பிரகாசி முழுகாம இருக்காளாம். அத்தை எழுதியிருக்காவ."

நான் பாட்டரி மீட்டரைப் பார்த்துக்கொண்டே "அச்சா" என்றேன். அவன் தலையை இழுத்துக்கொண்டான்.

மீட்டரில் என்ன காட்டியது என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது.

19 செப்டம்பர், சனி
கரையில்

எழுத்தெல்லாம் கோணல்.

நேற்று காலை ஐந்தாம் அறையில் தீ. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்து, கொதிக்கிற இரும்பில் டீசல் பீச்சியடித்திருக்கிறது. உள்ளே கஸ்பாரும் சுர்ஜீத் சிங்கும். நான் ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். கதவு என் கண் முன்னால் சாத்திக்கொண்டது. சாத்தியது கஸ்பார்தான். சாத்துவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்த்தான். ஒலிபெருக்கியில் படகுத் தலைவர் குரல், ஐந்தில் தீ, இரண்டு பக்கக் கதவையும் பிடியுங்கள் என்று. அந்தக் கதவுக்குப் பக்கத்தில் இருந்தவன் நான்.

நான் பிடித்தேன். விதிப்படி பிடித்தேன். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

தட்டுவான் என்று காத்திருந்தேன். தட்டட்டும், என் பெயரைச் சொல்லி அலறட்டும், அப்போது தெரியும் அவனுக்கு என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறேன். தட்டவில்லை. காதை இரும்பில் வைத்தேன், காது சுட்டது. உள்ளே ஏதோ இரைகிற சத்தம் மட்டும். ஆள் சத்தமே இல்லை. ஒரு தடவை தட்டினால் உயிரோடு இருக்கிறான் என்றாவது தெரியுமே. "தட்டுல! தட்டித் தொலைல, கஸ்பார்! மாப்ள!" என்று நான்தான் இந்தப் பக்கத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய கதவில் ஒரு விரலால்கூட அவன் தட்டவில்லை. பாவி. பிரகாசி வயிற்றில் பிள்ளையோடு ஊரில் உட்கார்ந்திருக்கிறாள், இவன் உள்ளே கல்லு மாதிரி இருக்கிறான்.

கைப்பிடி இறுகிவிட்டது. எவ்வளவு பலம் போட்டும் துளி அசையவில்லை. சூட்டில் இரும்பு விரியும், அதனால் இருக்கும்.

தீயை அடக்கிவிட்டார்கள். தலைவர் திறக்கச் சொன்னார். கைப்பிடி அப்போது இலேசாகத் தூக்கிக்கொண்டது. சுர்ஜீத் சிங் தவழ்ந்து வந்தார். கஸ்பார் கதவோடு கதவாகச் சரிந்து கிடந்தான், திறந்ததும் என் கால் மேல் விழுந்தான். மூச்சு இருந்தது. உள்ளங்கை இரண்டும் வெந்து தோல் உரிந்திருந்தது. எரிகிற என்ஜினில் கையை வைத்திருப்பான், முட்டாள்.

21 செப்டம்பர்
அதே ஆஸ்பத்திரி

அவன் இப்போது என்னுடைய பழைய வார்டில். பேசக் கூடாதாம். கையில் கட்டு இருப்பதால் எழுதவும் முடியாது. இதைவிட வசதி எனக்கு ஏது? முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பிப்ரவரியிலிருந்து சேர்த்துவைத்ததையெல்லாம் கொட்டினேன்.

"ஏம்ல தட்டல? ஒனக்குக் கையில்லையா, வாயில்லையா? நான் தட்டுனேன்லா, நாய் மாரி கத்துனேன்லா, நீ மட்டும் பெரிய இவனா? செத்துட்டேன்னே நெனச்சிட்டேம்ல! அவளுக்கு என்ன பதில் சொல்லுவேன்? சொல்லு, ஏன் தட்டல?"

நர்ஸம்மா ஓடிவந்தாள். நான் அடங்கவில்லை. கஸ்பார் தலையைத் தூக்கி, உதடு அசைவதும் காற்றுமாகச் சொன்னான்.

"தட்டுனா நீ தொறந்திருப்ப."

"தொறக்க மாட்டேன்! நான் என்ன விதி தெரியாதவனா? அமுக்கிப் பிடிச்சேம்ல!"

அவன் கட்டுப்போட்ட கையை எடுத்து என் மணிக்கட்டின் மேல் வைத்தான். நான் கையைத் தூக்கப் பார்த்தேன். அவன் கீழே அமுக்கினான். நான் தூக்கத் தூக்க அவன் அமுக்கினான், வலியில் கண்ணில் நீர் வருகிறவரைக்கும். பிறகு விட்டுவிட்டான்.

"சூடுல எறுகல மச்சான்" என்றான். "நான்தான் உள்ளேருந்து பிடிச்சிருந்தேன்."

நர்ஸம்மா என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். நல்லதாகப் போயிற்று.

22 செப்டம்பர்

கைப்பிடி சூட்டில்தான் இறுகியது.

25 செப்டம்பர், வெள்ளி

பிரகாசி வந்துவிட்டாள். எஸ்தாக்கி மாமா ரயிலில் கூட்டிவந்தார். அழுது அழுது முகம் வீங்கி, வயிறு இலேசாக மேடிட்டு, காலில் செருப்பு ஒன்று ஒரு நிறம், இன்னொன்று ஒரு நிறம். வந்ததும் அவன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தாள், கட்டுகளைப் பார்த்தாள், அப்புறம் நர்ஸம்மா கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை வாங்கி ஊட்டத் தொடங்கினாள். நான் சன்னல் பக்கம் நின்றேன்.

இரண்டு வாய் ஊட்டியபின் கேட்டாள். "கதவ யாரு பிடிச்சிருந்தது?"

மாமா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கஸ்பார் அந்தக் கட்டுப்போட்ட கையைத் தூக்கி என்னைக் காட்டினான். காட்டிவிட்டுத் தலையையும் ஆட்டினான். விசாரணையில் பார்த்த அதே முகம்.

"அண்ணனா? அப்ப சரி" என்றாள் பிரகாசி. அவள் தோள் அப்படியே தளர்ந்து இறங்கியதை நான் பார்த்தேன். "இது முன்னயே தெரிஞ்சிருந்தா ரயில்ல இந்தப் பாடு அழுதிருக்க மாட்டேனே."

"நான் அன்னைக்கே சொன்னேன்லா, கதவ நல்லாப் பிடிப்பான்னு" என்றார் மாமா. வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி.

வெளியே வராந்தாவுக்கு வந்துவிட்டேன். மறுபடியும் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அங்கே அதிகாரிகள் முன்னால் ஒன்று, இங்கே என் தங்கை முன்னால் ஒன்று. யார் கேட்டார்கள் இவனை? வெந்த கையை வைத்துக்கொண்டு இவன் பொய் சொல்ல, நான் அதைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு ஊரில் நடக்க வேண்டுமா? பிதாம்பர் கீழே இறங்கியபோது நான் எங்கே இருந்தேன் என்பதும் இவனுக்குத் தெரியும். அதையும் சொல்ல மாட்டான். சாகிறவரைக்கும் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியும் இவனை.

இரண்டு தடவையும் கதவைப் பிடித்தது அவன். இரண்டு தடவையும் திறக்கப் பார்த்தது நான். முதல் தடவை என் உயிருக்காக, இரண்டாம் தடவை அவன் உயிருக்காக. எதற்காகத் திறந்திருந்தாலும் படகு போயிருக்கும், எல்லோரும் போயிருப்போம். கயிறு பிடித்தவன் என்று என்னை நினைத்து உள்ளே அவள் நிம்மதியாகக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு என் வாயால் இதைச் சொல்லாதவரைக்கும் அவன்மேல் இந்தக் கோபம் எனக்குத் தீராது.

இன்றைக்குத் தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே போகிறேன்.